எஸ்தர் வைத்த பெயர்கள்

எங்கள் ஐந்தாம் வகுப்பின் தரை எப்போதும் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டேனரி, தோல் பதனிடுகிற இடம். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற மர உருளைகளில், 'டிரம்' என்போம், தோல் புரண்டு புரண்டு ஊறும்போது எழுகிற அதிர்வு சிமெண்டுத் தரை வழியாக வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் தொடைகளில் ஏறும். பழகிப்போனதால் எங்களுக்கு அது உறைக்காது. எஸ்தருக்கு மட்டும் உறைக்கும். டிரம் நின்றவுடன் அவள் தலை நிமிரும். உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பாள். பிறகு வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரிப்பாள். டேனரியில் சாப்பாட்டுக்கு விட்டால் எங்களுக்கும் சத்துணவு மணி அடிக்கப் போகிறது என்று அர்த்தம். காது கேட்கிற நாங்கள் அத்தனை பேரும் சோற்று மணியைக் காது கேட்காத ஒருத்தியிடமிருந்துதான் தெரிந்துகொண்டோம்.

எஸ்தர் ஆம்பூரில் எங்கள் தெருவில்தான் இருந்தாள். அவளுடைய அப்பாவுக்கு அந்த டேனரியிலேயே வேலை. அம்மா மேரியக்கா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து வரும் ஷூவின் மேல்பகுதித் தோலைக் கையால் தைத்துக் கொடுப்பார். பிள்ளை பிறந்து, தட்டு விழுந்த சத்தத்துக்குக்கூடத் திரும்பாததைக் கண்டு வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நரம்புக் கோளாறு, ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் யார் யாரோ சொன்னதைக் கேட்டு, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மேரியக்கா, சோளிங்கர் மலையடிவாரக் குளத்தில்கூடப் பிள்ளையை முழுக்காட்டிக் கூட்டி வந்தார். "எந்த சாமியா இருந்தா இன்னா, வாய தெறந்தா போதும்" என்றாராம். எந்தச் சாமிக்கும் அது தோன்றவில்லை.

தெரு அவளுக்கு 'ஊமச்சி' என்று பேர் வைத்தது. இதில் எங்கள் தெருவைத் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. அது யாரையும் விட்டுவைத்ததில்லை. 'நொண்டி' மளிகைக்கடை, 'ஒத்தக்கண்ணு' மேஸ்திரி, 'கோணவாய்' அக்கா என்று ஆளுக்கொரு குறையைக் கண்டுபிடித்துப் பேரோடு ஒட்டவைத்துவிடுவார்கள், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள்கூட "கோணவாய் அக்கா வீடு எது?" என்றுதான் விசாரிப்பார்கள். யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. இதைச் சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது.

அவளைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டது கருணையால் அல்ல. எங்கள் தலைமையாசிரியர், 'பெரிய சார்', அந்த வருஷம் பிள்ளைகள் கம்மி என்று தெருத்தெருவாக வந்தார். தலைக்கணக்கு குறைந்தால் ஒரு வாத்தியார் வேலை போய்விடும். மேரியக்கா தயங்கித் தயங்கி, "அதுக்குக் காது கேக்காது சார்" என்றபோது, "வந்து குந்தட்டும்மா, யாருக்கு இன்னா நஷ்டம்" என்றார். இப்படித்தான் எஸ்தர் எங்களோடு ஒன்றாம் வகுப்பில் வந்து குந்தினாள். குந்தியிருந்தாலே போதும் என்று நினைத்தார்கள். அவள் அதற்கு மட்டும் வரவில்லை.

முதலில் கைகாட்டல்தான். தண்ணீர், வீடு, அடி, பல்லிமிட்டாய், வா, போ. அதற்கு மேல் வேண்டும் என்ற பசி எங்களை விட அவளுக்குத்தான் ஜாஸ்தி. எங்கள் தெருமுனையில்தான் காலையில் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் காது கேட்காத அக்காக்கள் நாலைந்து பேர் எப்போதும் உண்டு. ஒரே அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சேர்ந்து இருந்தவர்கள். கம்பெனிகளுக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும். "பேச்சு கெடையாது, வம்பு கெடையாது, குனிஞ்ச தலை நிமிராது" என்று ஒரு சூப்பர்வைசர் எங்கள் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. பஸ் வரும்வரை அந்த அக்காக்கள் கையால் பேசிக்கொள்வதை அவர் ஒரு நாளாவது நின்று பார்த்திருந்தால் பேச்சு கிடையாது என்று சொல்லியிருக்க மாட்டார். விடுதலையானவர்கள் பேசுகிற மாதிரி பேசுவார்கள். எஸ்தர் அவர்கள் நடுவில் போய் நின்றுகொள்வாள். அன்றைக்குப் புதிதாகப் பிடித்த சைகைகளை வகுப்புக்குக் கொண்டு வந்து, எங்களுக்குப் பங்கு வைப்பாள்.

சைகையோடு சேர்ந்து அவர்கள் வாழ்க்கையும் வந்தது. வேலை நாளில் விடிகாலையில் எழுந்திருக்க, ஒரு அக்கா தன் கால் கட்டைவிரலில் நூலைக் கட்டி, மறுமுனையை ஜன்னல் வழியாக வெளியே விட்டுவிட்டுத் தூங்குவாளாம். பால் ஊற்ற வருகிறவர் அதை இழுத்துவிட்டுப் போவாராம். கரண்டு போனால் அவர்கள் பேச்சும் போய்விடும். பாதி வாக்கியத்தில் இருட்டு வந்து நிற்க, கரண்டு வருகிறவரை ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். இன்னொரு அக்காவை லீவுக்குப் போன வீட்டில் தலை வாரி, பூ வைத்து, புதுப் புடவை கட்டி, ஜமுக்காளத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். தட்டு மாற்றியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. சின்னப் பிள்ளைகளான எங்களுக்கு நூல் கதைதான் பிடித்தது. நாங்களும் காலில் நூல் கட்டிக்கொண்டு படுத்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஜமுக்காளக் கதையின் கனம் எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆனது.

அந்த அக்காக்களிடமிருந்து எஸ்தர் கொண்டுவந்ததில் எல்லாவற்றுக்கும் மேலானது பெயர் வைக்கும் வழக்கம். காதில் விழாத பெயரை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வது? அதனால் ஒருவரைப் பார்த்தவுடன் கண்ணில் எது படுகிறதோ அதையே கையால் காட்டி, அதையே பெயராக வைத்துவிடுவார்கள். தழும்போ, மச்சமோ, நடையோ, பழக்கமோ எதுவானாலும் சரி. அதில் கேலியும் இல்லை, மரியாதையும் இல்லை. அது அந்த ஆள், அவ்வளவுதான். எனக்கு எந்நேரமும் சளி. புறங்கையால் மூக்கை இடமிருந்து வலமாக ஒரு இழுப்பு இழுத்தால் அது நான். பக்கத்தில் உட்கார்ந்த அஸ்லமுக்குப் புருவத்தில் தையல் தழும்பு. விரலால் புருவத்தை வெட்டினால் அஸ்லம். விமலா டீச்சர் சாக்பீசை ஊதி ஊதி எழுதுவார். விரல் நுனியில் ஒரு ஊதல் ஊதினால் டீச்சர். அவருக்கு அது தெரியும். தெரிந்த அன்று சிரித்துவிட்டு, தானும் ஒரு தடவை செய்து பார்த்தார்.

விமலா டீச்சர் வேறு பெரிதாக எதுவும் செய்யவில்லை. தடுக்காமல் இருந்தார், அதுவே பெரிது. அவர் பாடம் நடத்த நடத்த, எஸ்தரின் முன்னால் யாராவது ஒருவர் திரும்பி உட்கார்ந்து கையால் சொல்லிக்கொண்டே போவோம். சரித்திரம் எங்கள் கையில் படாத பாடு பட்டது. அசோகர் என்றால் குழி தோண்டிச் செடி நடுவது, ஏனென்றால் புத்தகத்தில் அவர் எந்நேரமும் சாலையோரத்தில் மரம்தான் நட்டுக்கொண்டிருந்தார். கணக்குக்கு எங்கள் உதவியே அவளுக்குத் தேவைப்படவில்லை. வகுத்தலில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. தமிழ் எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்து, நான்காம் வகுப்பு முடிவதற்குள் கதைப் பாடம் ஒன்றைத் தனியாகப் படித்துவிட்டு அதை எங்களுக்கே கையால் திருப்பிச் சொன்னாள். அவள் சொன்னது புத்தகத்தை விட நன்றாக இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை, பள்ளியிலேயே அமைதியான வகுப்பு என்று எங்களுக்குப் பெயர் வந்ததுதான். டீச்சர் வெளியே போனால் மற்ற வகுப்புகளில் சந்தைக்கடை இரைச்சல். எங்கள் வகுப்பில் அதை விட அதிகமாக ஊர் வம்பு ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஒரு சத்தம் வெளியே வராது. பெரிய சார் மற்ற வகுப்பாரை அழைத்து வந்து ஜன்னலில் நிற்கவைத்து, "பாத்து கத்துக்குங்கடா" என்று எங்களைக் காட்டியிருக்கிறார்.

ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் எஸ்தருக்கு ஒரே நினைப்புதான். ஐந்தாம் வகுப்புப் பரீட்சையை எழுதி, எங்களோடு ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் அவளை மாதிரி ஒரு பிள்ளை அப்படிப் போனதை யாரும் கேள்விப்பட்டதில்லை. மேரியக்கா முதலில் நம்பவில்லை. விமலா டீச்சர் வீட்டுக்கே வந்து, "பாஸ் பண்ணிடுவா, நீங்க சேக்கறதுக்கு ரெடியா இருங்க" என்று சொன்ன பிறகு, தீபாவளி போனஸ் காசில், பெரிய பள்ளிக்கூடத்துச் சீருடைக்கு நீலத் துணியும் எடுத்துவிட்டார். எஸ்தர் அதை எங்களுக்கு விரித்துக் காட்டி, தொட மட்டும் விடவில்லை.

பெரிய சாருக்கும் எங்கள் வகுப்பில் ஒரு பெயர் இருந்தது. அவருடைய கீழுதட்டின் ஓரத்தில் ஒரு வெண்புள்ளி, கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு. அதை மறைக்கத்தான் எந்நேரமும் வெற்றிலை போட்டு உதட்டைச் சிவப்பாகவே வைத்திருக்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்தப் புள்ளியால் அவருக்குப் பெண் கிடைப்பது தள்ளித் தள்ளிப் போனதாகவும் சொன்னார்கள். ஊர் அவரை அழைத்தது 'வெள்ளொதடு வாத்தியார்' என்று. என் அப்பா, டீக்கடைக்காரர், சத்துணவு ஆயா எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அவர் தெருமுனை திரும்பின பிறகு. எஸ்தரின் கையில் அவர் பெயர், ஒற்றை விரலால் கீழுதட்டின் ஓரத்தைத் தொடுவது. அவளுக்கு அவர் முகத்தில் முதலில் பட்டது அது. வேறு எதை வைப்பாள்?

அரையாண்டுக்கு முன்பு, மேலதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்வையிட வந்தார். பெரிய சார் அவரை நேராக அமைதியான வகுப்புக்கே அழைத்து வந்தார். எஸ்தர் அப்போது கரும்பலகையில் ஒரு நீள வகுத்தலைப் போட்டுக்கொண்டிருந்தாள். முதுகு வாசல் பக்கம். நாங்கள் எழுந்து "வணக்கம் ஐயா" பாடினோம். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். அதிகாரி வந்து நிற்கும்போது முதுகைக் காட்டினால் அடி விழுமே என்று எங்களுக்குப் பதைப்பு. முன்வரிசையில் ஒருவன் தரையை ஓங்கி மிதித்தான்; அவளைக் கூப்பிட அதுதான் வழி. அவள் எங்கள் பக்கம் மட்டும் திரும்பி, என்ன என்று கையால் கேட்டாள். பெரிய சார் வந்திருக்கிறார் என்று சொல்ல, வகுப்பே ஒரே நேரத்தில் விரலைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்தது.

"என்ன சார், பசங்க எல்லாம் ஒதட்ட காட்றாங்க?" என்று அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, அவர் கண் தானாகப் போய்ப் பெரிய சாரின் உதட்டில் நின்றது.

"சும்மா சார், வெளையாட்டுப் புள்ளைங்க" என்றார் பெரிய சார். வெற்றிலைச் சிவப்பை மீறி அந்தப் புள்ளி அன்றைக்குப் பளிச்சென்று தெரிந்தது, அல்லது அவர் முகம் அப்படிக் கறுத்துப்போயிருந்தது. எஸ்தர் அழகாகக் கைகுவித்து வணக்கம் வைத்தாள். வகுத்தல் சரியாக வந்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

அதிகாரியை அனுப்பிவிட்டுப் பிரம்போடு வந்தார். "யார்றா ஆரம்பிச்சது?" என்றார். அஸ்லம் நல்லவன், தப்பு ஒன்றும் நடக்கவில்லை, சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பி எழுந்தான்.

"கிண்டல் இல்ல சார். அது உங்க பேரு சார். எல்லாருக்கும் கீது சார், எஸ்தர் வச்சது."

"என் பேரு வாசல்ல போர்டுல எழுதியிருக்குது. அத எவனுக்காவது படிக்கத் தெரியுதா?" என்றார் பெரிய சார். பிறகு கையை நீட்டச் சொன்னார்.

எல்லோருக்கும் கையில்தான் அடி, இரண்டு கையிலும். விமலா டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றார். அவர் வேலை நிரந்தரமாகாத வேலை. எஸ்தர் எங்களைப் பார்த்துத் தானும் கையை நீட்டினாள். வாங்கிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி, எரிகிற கையாலேயே 'ஏன்? ஏன்?' என்று கேட்டாள். பதில் சொல்ல எங்களுக்குக் கை இல்லை. அவற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தோம். அன்றைக்கு அவளுக்கு யாரும் காரணம் சொல்லவில்லை.

மறுநாள் பெரிய சார் மேரியக்காவை வரச் சொன்னார். நாங்கள் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். "இங்க பாரும்மா, உன் பொண்ணு பேசாதது உன் தலையெழுத்து. ஒரு கிளாஸையே ஊமையாக்கினா நான் இன்னா பண்றது? நாளைக்கு நாலு பேரு பெத்தவங்க வந்து கேட்டா யார் பதில் சொல்றது? வேலூர் பக்கத்துல இதுங்களுக்குன்னே ஸ்கூல் இருக்குது. டி.சி. தரேன், கூட்டினு போ. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பரீட்ச மட்டும் எழுதிடட்டும் சார்" என்றார் மேரியக்கா. "ஒரு ஓரமா குந்தியிருக்கட்டும். கைய ஆட்டாம நான் பாத்துக்கறேன்."

அவர் கேட்கவில்லை. உதட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, மேரியக்காவும் பேசவில்லை. ஒரு மனிதருக்குப் பட்ட காயம் எனக்குப் புரியாமல் இல்லை. இத்தனை வருஷமாக வெற்றிலை போட்டு மறைத்ததை அவ்வளவு விரல்கள் சுட்டிக்காட்டினால் யாருக்கும் வலிக்கும். ஆனால் ஊர் முழுக்க முதுகுக்குப் பின்னால் வாயால் சொன்னதற்கு யாரும் ஊரை விட்டுப் போகவில்லை. முகத்துக்கு நேராக, கேலி இல்லாமல் சொன்ன பத்து வயதுப் பிள்ளைதான் பள்ளியை விட்டுப் போனாள். இதை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் எனக்கு ஆறவில்லை.

எங்கள் வீடுகளில் பெரிய சாருக்குப் பாராட்டுதான் கிடைத்தது. "நல்ல வேலை செஞ்சாரு. கையாட்டிக்கினே இருந்தா வாய் மரத்துப்போவும்டி, அப்புறம் உன்ன எவன் கட்டுவான்?" என்றார் அம்மா. சாப்பிடும்போது நான் உப்பு வேண்டும் என்று கையால் கேட்டுவிட்டால் கரண்டிக்காம்பு விரலில் விழும். வகுப்பில் அதற்குப் பிறகு கை கட்டி உட்கார வேண்டும் என்று உத்தரவு. கை கட்டி வாய் பொத்தி என்பார்களே, வாயை எப்போதோ பொத்தியாகிவிட்டது, கையும் கட்டியாயிற்று. எங்கள் வகுப்பு இப்போதும் அமைதியாகத்தான் இருந்தது.

வேலூர் பக்கத்து விடுதிப் பள்ளியைப் பற்றி எஸ்தர் சொன்னதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். அங்கே பேச்சு வரவழைப்பதுதான் படிப்பு. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, ஒரு துண்டுக் காகிதம் ஆடுகிற அளவுக்கு 'பா, பா' என்று ஊத வேண்டும். கையால் பேசினால் வாய்ப் பேச்சு வராது என்று அங்கேயும் சொன்னார்கள். படித்தவர்கள் சொன்னார்கள் என்பதைத் தவிர என் அம்மா சொன்னதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. கையைத் தூக்கினால், இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்காரச் சொல்வார்கள். காது கேட்காத பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளியில், வாழ்க்கையில் முதல் தடவையாக, எஸ்தருக்குப் பேச ஆள் இல்லாமல் போனது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தவளைத் திரும்பக் கொண்டுவிடப் போனபோது, "இவளுக்கு வயசு ஜாஸ்தி ஆயிடுச்சும்மா, மூணு வயசுலயே கொண்டாந்திருக்கணும். இனிமே பேச்சு வராது" என்று சொல்லிவிட்டார்களாம். மேரியக்கா அவளைக் கூட்டிக்கொண்டு நேராகப் பெரிய சாரிடம் வந்தார். பெயரை அடித்தாயிற்று, நடுவருஷத்தில் மறுபடி சேர்க்க முடியாது என்றார் அவர். அவள் பெயரை அடித்த பேனா அவருடையதுதான் என்பதை மேரியக்கா சொல்லவில்லை. எங்களுக்குப் பரீட்சை வந்தது, எழுதினோம், எல்லோரும் பாஸ். என்னை விடக் கணக்குத் தெரிந்த ஒருத்தி அன்று வாசற்படியில் அம்மாவோடு உட்கார்ந்து ஷூவுக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள். நீலத் துணி ஜன்னலுக்குத் திரையானது.

பெரிய பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில் சாயங்காலம் அவள் வீட்டுப் படியில் நின்று, அன்றைய பாடத்தைக் கையால் சொல்வேன். அவள் கேட்பாள், கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பாள். இயற்கணிதம் வந்தது, ஆங்கிலம் வந்தது, எங்கள் கையில் அவற்றுக்குச் சைகை இல்லை; உண்டாக்க வகுப்பும் இல்லை, ஆளுக்கொரு பிரிவில் சிதறிவிட்டோம். கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பேச்சு முதலில் இருந்த இடத்துக்கே திரும்பியது: தண்ணீர், வீடு, வா, போ. தகுந்த வயது என்று கம்பெனி ஒப்புக்கொண்ட நாளில் எஸ்தர் தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்றாள். குனிந்த தலை நிமிராமல் இன்றைக்கும் வேலை செய்கிறாள்.

நானும் இதே ஊரில்தான் இருக்கிறேன், ஒரு தோல் கம்பெனியின் ஆபீசில். பெரிய சார் காலமாகிவிட்டார். அந்தப் பள்ளியைப் பிள்ளைகள் இல்லை என்று மூடிவிட்டார்கள்; கடைசியில் தலைக்கணக்கு அவர்களை விடவில்லை. எஸ்தர் தோல் வெட்டுகிற, காது கேட்காத ஒரு கட்டிங் மாஸ்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள், தானே பார்த்து, தானே சம்மதித்து. அவளுடைய மகன் ஜோயலுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவனும் என் மகள் யாழினியும் ஒரே இங்கிலீஷ் மீடியம் பள்ளியில், ஒரே மூன்றாம் வகுப்பில் படிக்கிறார்கள்.

இந்த வருஷம் அந்தப் பள்ளியில் 'சைகை மொழி வாரம்' கொண்டாடினார்கள். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கறுப்பு உடையும் வெள்ளைக் கையுறையும் வாங்கச் சொல்லி வீட்டுக்குத் தகவல் வந்தது. வார முடிவில் மேடையில், ஒலிபெருக்கியில் ஒரு தேசபக்திப் பாட்டு முழங்க, பிள்ளைகள் வரிசையாக நின்று கையசைத்தார்கள். ஜோயலைக் கடைசி வரிசைக்குத் தள்ளியிருந்தார்கள். "அவன் ரொம்ப ஃபாஸ்ட்டா பண்றானாம், மத்தவங்களோட சேரலயாம், மிஸ் சொன்னாங்க" என்று யாழினி சொன்னாள். பிறந்தது முதல் அம்மாவோடும் அப்பாவோடும் அந்த மொழியிலேயே சண்டை போட்டு வளர்ந்த பையனுக்குக் கை சேரவில்லை. பேச முடியாதவர்களின் குரலாக நாம் இருக்க வேண்டும் என்று சிறப்பு விருந்தினர் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

எஸ்தர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேடையை உற்று உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள். துருப்பிடித்த கையால், 'பாட்டு' என்றேன்.

'யாருக்கு?' என்று கேட்டாள்.



அடுத்த சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். ஜோயலின் முறை எனக்கு முன்னால் இருந்தது. எஸ்தர் வகுப்பு மிஸ்ஸின் எதிரில் உட்கார்ந்து கையால் ஏதோ கேட்க, ஜோயல், "நான் எப்டி படிக்கிறேன்னு அம்மா கேக்கறாங்க மிஸ்" என்றான். சின்ன வயசு மிஸ், கெட்டவர் இல்லை. மேடையில் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று சைகை காட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். அவர் எஸ்தரைப் பார்க்காமல் பையனைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னார்: படிப்பு பரவாயில்லை, கையெழுத்து மோசம், வகுப்பில் கவனம் இல்லை. தன்மேல் வந்த புகாரைத் தானே அம்மாவிடம் சொல்லும்படி ஆயிற்று அந்தப் பையனுக்கு. சொன்னான். எஸ்தர் மறுபடி ஏதோ கேட்கக் கையைத் தூக்கினாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. மிஸ் சிரித்த முகத்தோடு ஜோயலின் தோளில் தட்டி, "ஜோயல், நெக்ஸ்ட் டைம் அம்மாவ கூட்டிட்டு வராதப்பா. பேசறவங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வா, சரியா?" என்றார்.

ஜோயல் அதையும் ஒரு வார்த்தை விடாமல் அம்மாவிடம் சொன்னான். எஸ்தர் தலையாட்டினாள். எழுந்து, நாற்காலியைச் சத்தம் வராமல் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

பேசுகிற ஆளைக் கூட்டிவரச் சொல்லத் தேவையில்லாத வகுப்பு ஒன்று இந்த ஊரில் இருந்தது என்று சொன்னால் இனி யார் நம்புவார்கள்? அதில் படித்தவர்களில் பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், சிலர் செத்தும் போய்விட்டார்கள். மிச்சமிருக்கிற எங்கள் கைகளிலும் அந்தப் பேச்சு கம்மியாகிவிட்டது. எந்தக் கையுறையும் வாங்காமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒருத்தியோடு பேச வேண்டும் என்ற ஒரே ஆசையில் நாங்கள் உண்டாக்கியதை அடித்தே மறக்கடித்தார்கள்.

ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது யாழினி கேட்டாள்:

"அம்மா, ஜோயல் அம்மாவும் சைன் லாங்குவேஜ் சூப்பரா பண்றாங்கல்ல? அவங்களுக்கும் எங்க மிஸ்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"